நடைபாதைப் புல் ராகி ஆகுமா?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையோரம் காலை நடைக்குப் போனபோது, நடைபாதைக் கல்லின் இடுக்கில் ராகிக் கதிரைச் சிறிதாக்கி வைத்ததுபோல் ஒரு புல்லைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பென்னாகரத்திலிருந்து வந்திருந்த உங்கள் அம்மா அதைப் பிடுங்கிப் பார்த்து, "இது ராகிதான், கவனிப்பாரில்லாமல் காடாகிப் போயிருக்கிறது" என்றாராம். உங்களுக்கு மூன்று சந்தேகங்கள். அம்மா சொன்னது சரியா? நல்ல கதிராகப் பொறுக்கி மாடித் தொட்டியில் திரும்பத் திரும்ப விதைத்து வந்தால் பேரப்பிள்ளை காலத்திலாவது அது ராகியாகுமா? கடையில் 'நாட்டு ராகி' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதுதான் மனிதக் கை படாத ஆதி விதையா?

மூன்றுக்கும் 'இல்லை' என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். ஆனால் உங்கள் அம்மாவின் கண்ணுக்கு அது மரியாதையாகாது. தாவரவியல் படித்துவிட்டு வந்த எத்தனையோ பேர் அந்தப் புல்லைத் தினமும் மிதித்துக்கொண்டு போகிறார்கள். ராகியின் உறவு என்று ஒரே பார்வையில் கண்டுகொண்டவர் அவர். உறவு என்பது சரி. என்ன உறவு என்பதில்தான் பிசகு.

அந்தப் புல்லின் அறிவியல் பெயர் எலுசின் இண்டிகா. ராகியின் பெயர் எலுசின் கொரகானா. இரண்டும் ஒரே பேரினம். கதிரை அருகில் வைத்துப் பாருங்கள்: தண்டின் உச்சியில் விரல்கள் விரிந்திருக்கும், பல கதிர்களில் ஒரு விரல் மட்டும் சற்றுக் கீழே தள்ளி, கட்டைவிரல்போல் தனியாக நிற்கும். விரல் விரித்த கதிர் அருகம்புல்லுக்குக்கூட உண்டு, ஆனால் இந்தக் கட்டைவிரல் இல்லை. உங்கள் அம்மா அதைத்தான் கவனித்திருக்க வேண்டும்.

இனி உள்ளே பார்ப்போம். நடைபாதைப் புல்லின் செல்லில் 18 குரோமோசோம்கள், ராகியில் 36. ராகி எவ்வளவுதான் காடாகிப் போனாலும் அதன் 36 அப்படியே இருக்கும். பாதியைத் தொலைத்துவிட்டுப் புல்லாக நிற்காது. எனவே அது சீரழிந்த ராகி அல்ல. கதை நேர் எதிர்த் திசையில் நடந்தது. ராகியின் 36 குரோமோசோம்களைப் பிரித்தால் இரண்டு வேறு புற்களின் தொகுதிகள் கிடைக்கும். ஒன்று இந்த நடைபாதைப் புல்லின் பதினெட்டு. மற்றொன்று வேறொரு புல்லினுடையது. இன்று உயிரோடிருக்கும் எந்த இனமும் அதனோடு பொருந்தவில்லை. முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்க மண்ணில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. அப்படிப் பிறக்கும் கலப்புச் செடி கோவேறு கழுதையைப் போன்றது. குரோமோசோம்களுக்கு ஜோடி அமையாததால் விதை பிடிக்காது. எப்போதோ ஒரு செடியில் குரோமோசோம் தொகுதி முழுவதும் இரட்டித்துவிட, ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, விதை பிடித்தது. மனிதன் விவசாயம் செய்யத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே நடந்த காரியம் இது. அந்தக் காட்டு இனம் இன்றும் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆப்பிரிக்கானா என்ற துணையினம் அது. அதற்கும் 36 குரோமோசோம்கள்தான். ராகியின் நேரடித் தாய் அதுவே.

புல்லின் இலையில் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் டி.என்.ஏ. பொதுவாகத் தாய் வழியில் மட்டுமே இறங்கும். ராகியின் பசுங்கணிகத்தைச் சோதித்தால் அது எலுசின் இண்டிகாவின் வழியைக் காட்டுகிறது. ஆக, அல்சூர் நடைபாதையில் நீங்கள் கண்டது ராகியின் தாய்வழிப் பாட்டி.

பாட்டியிலிருந்து மறுபடியும் பேத்தியைப் பெற முடியுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிர் என்றால் என்ன என்பதே இதற்குள் இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் மாகடி சாலையிலோ கனகபுரா சாலையிலோ போயிருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தார் ரோட்டின் மேல் ராகித் தாளைப் பரப்பியிருப்பார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறிப் போகப் போக மணி உதிரும். இருசக்கர வாகனக்காரர்கள் திட்டிக்கொண்டே ஓட்டுவார்கள், நானும் ஒருமுறை வழுக்கி விழுந்து திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ரோட்டில் ஐயாயிரம் ஆண்டு வரலாறு கிடக்கிறது. லாரிச் சக்கரமோ கல் உருளையோ ஏறினால்தான் விழுவேன் என்று மணி அடம்பிடிக்கிறதே, காட்டுப் புல்லில் அது கிடையாது. காட்டு இனத்தில் மணி முற்றியதும் அதன் காம்புப் பகுதியில் ஒரு மெல்லிய செல் அடுக்கு கரைந்து, காற்று பட்டாலே மணி உதிர்ந்துவிடும். உதிராத மணி தரையைச் சேராது, முளைக்காது, சந்ததி இல்லை. காட்டில் உதிர்தல்தான் பிழைப்பு.

உதிர்க்கும் மரபணு பழுதான செடி காட்டில் அவ்வப்போது பிறந்து, பிறந்த இடத்திலேயே அழிந்துகொண்டிருந்தது. பிறகு அரிவாள் வந்தது. இதில் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. கூடையைக் கீழே பிடித்துக் கதிரைத் தட்டி மணி சேர்த்தால், சுலபமாக உதிரும் மணிதான் கூடையில் விழும். அதையே விதைத்தால் ஆயிரம் ஆண்டானாலும் பயிர் மாறாது. தாளோடு அறுத்தால் நிலைமை தலைகீழ். அறுக்கும் அதிர்ச்சியில் உதிர்வதெல்லாம் மண்ணுக்குப் போய்விடும். பிடித்துக்கொண்டிருப்பது மட்டும் களத்துக்கு வரும். அதிலிருந்து எடுக்கும் விதையில் பழுதான மரபணுவின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். யாரும் திட்டம் போடவில்லை. பிற்காலத்தில்தான் திட்டம் வந்தது. உங்கள் அம்மா வீட்டில் அறுப்புக்கு முன்பே நல்ல கதிராகப் பார்த்து விதைக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார்களே, அது கண்ணும் மனமும் சேர்ந்து செய்த தேர்வு. மணியின் பருமனும், எல்லாக் கதிரும் ஒரே சமயத்தில் முற்றுவதும் அப்படிச் சேர்ந்த குணங்கள்தான்.

ராகியில் இந்த மாற்றம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில், எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்தில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததாகக் கணிக்கிறார்கள்.

உங்கள் மாடித் தொட்டிக்கு வருகிறேன். குறிப்பிட்ட ஒரு மரபணு தானாகப் பழுதாவது லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் நடப்பது. இருபது தொட்டியில் இருபது செடி வளர்த்து அதற்குக் காத்திருப்பது, ஒரே லாட்டரி டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் முதல் பரிசை எதிர்பார்ப்பதைப் போன்றது. ராகியை வரிசைக்கு வரிசை 22.5 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்ற இடைவெளியில் நட்டால் ஒரு ஏக்கரில் ஒன்றேமுக்கால் லட்சம் செடிக்கு மேல் நிற்கும். ஆதி விவசாயியின் பலமே அதுதான். அவருக்கு மரபியல் தெரியாது, ஆனால் எண்ணிக்கை அவர் பக்கம் இருந்தது.

ராகி தன் மகரந்தத்தாலேயே சூல் பிடிக்கும் பயிர். அயல் மகரந்தம் சேர்வது நூற்றில் ஒன்று என்ற அளவுதான். இதனால் ஒரு லாபம் உண்டு. மறைந்திருக்கும் பழுது அடுத்த தலைமுறையிலேயே வெளிப்பட்டுவிடும், அக்கம்பக்கத்துக் காட்டுச் செடியோடு கலந்து கரையாது. ஆனால் இரட்டைத் தொகுதி உள்ள பயிருக்கு எதிரான கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு தொகுதியில் மரபணு பழுதானால் மற்றத் தொகுதியிலிருக்கும் அதன் சகோதரி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கோதுமையில் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். எம்மர் என்னும் பழைய கோதுமையும் ராகியைப் போல இரட்டைத் தொகுதி கொண்டது. 2017-இல் அதன் காட்டு இனத்தின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, வளர்ப்பு எம்மரில் உதிர்தலுக்கான மரபணுவின் இரு பிரதிகளுமே தனித்தனியாக, வெவ்வேறு விதமாகப் பழுதாகியிருந்தது தெரியவந்தது. ஒன்றில் இரண்டு டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மற்றதில் பெரிய துண்டு ஒன்று நுழைந்திருக்கிறது. இரண்டு விபத்துகளும் ஒரே செடியில் வந்து சேர்ந்தால்தான் கதிர் முழுமையாக மணியைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் நடைபாதைப் புல்லுக்கு ஒரு சலுகை இருக்கிறது. அது ஒற்றைத் தொகுதிக்காரி. ஒரு பிரதி பழுதானால் போதும். நீங்களும் உங்கள் பக்கத்து வீட்டாரும் நான்கு தலைமுறைக்கு ஏக்கர் கணக்கில் அதை விதைத்து அரிவாளால் அறுத்து வந்தால், உதிராத, கொஞ்சம் பருத்த மணியுள்ள ஒரு பயிர் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அது ராகியாக இருக்காது. இன்னும் பெயர் வைக்கப்படாத வேறொரு சிறுதானியமாக இருக்கும். ராகியில் பாதி, தொலைந்துபோன அந்த இன்னொரு புல்லிடமிருந்து வந்தது. அதைப் பாட்டி தரமுடியாது. பரிணாமத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது, அதே பாதையில் இரண்டாம் முறை நடக்கவும் அதற்குத் தெரியாது.

எவ்வளவு காலம் ஆகும் என்பதில் ஆய்வாளர்களே ஏமாந்திருக்கிறார்கள். ஹில்மன், டேவிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் காட்டுக் கோதுமையை அரிவாளால் அறுத்துப் பார்த்து, கணக்கும் போட்டு, முறையாகச் செய்தால் 20, 30 ஆண்டில், மிஞ்சினால் 200 ஆண்டில் உதிராத பயிர் வந்துவிடும் என்று 1990-இல் எழுதினார்கள். மண்ணுக்கடியில் கிடைத்த சான்று வேறு கதை சொன்னது. சீனாவின் தியான்லுவோஷான் என்ற இடத்தில் ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் உதிராத நெல் 27 சதவீதம்; 300 ஆண்டு கழித்து 39 சதவீதம், அவ்வளவுதான். காரணம் ஊகிக்கக்கூடியதே. உதிர்ந்த மணியும் வயலிலேயே முளைக்கும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் காட்டிலிருந்து மறுபடியும் விதை அள்ளி வந்திருப்பார்கள். உதிர்ந்துவிடுமே என்ற பயத்தில் பச்சையாகவே அறுத்திருப்பார்கள். பஞ்சமும் பயமும் ஹில்மனின் கணக்கில் வரவில்லை.

நெல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைச் சம்பா சிவப்பாக இருப்பதைப் பலர் விசேஷமாக நினைக்கிறார்கள். நெல்லுக்குச் சிவப்புதான் பிறவி நிறம். வெள்ளையான நெல் வகைகளில் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அதனால்தான் அவை வெள்ளை. அதே மரபணு விதை உறக்கத்தையும் ஆள்கிறது. சிவப்பு நெல் மண்ணில் தூங்கும். வெள்ளை நெல் விதைத்தால் ஒன்றுபோல் முளைக்கும். நிறம் போனதில் உறக்கமும் போனது. பயிராக்கம் என்பது பெரும்பாலும் இப்படித்தான்: எதையோ இழந்து மனிதனுக்கு வசதியாகிப் போவது.

சரி, நாட்டு ராகி. இந்த வார்த்தையின் மேல் எனக்குச் சற்று எரிச்சல் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராகியே இந்த நாட்டுக்கு வந்தேறி. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பு வந்து சேர்ந்ததாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. பழைய அகழாய்வுகளில் ராகி என்று எழுதிவைத்த கருகிய மணிகள் சில, மறுபடி பார்த்தபோது வேறு புல் விதைகளாக இருந்தன. அதற்கு முன்பு இந்தத் தக்காணத்து மக்கள் என்ன சாப்பிட்டார்கள்? பெல்லாரிக்கு அருகே சங்கனகல்லுவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்களின் சாம்பலில் கொள்ளு, பச்சைப்பயறு, கன்னடத்தில் கொரலே என்று சொல்லும் சிறுதானியம் ஆகியவை கிடைத்திருக்கின்றன. நாட்டுத்தன்மைக்குப் பரிசு கொடுப்பதென்றால் கொள்ளுக்குக் கொடுக்க வேண்டும்.

வந்த ராகி இங்கேயே மூவாயிரம் ஆண்டு வளர்ந்து, நம் மழைக்கும் பகல் நீளத்துக்கும் பழகி, சீக்கிரம் விளையும் பயிரானது. ஆப்பிரிக்காவில் தங்கிவிட்ட அதன் உறவினர்கள் தடித்த தண்டும் கனத்த கதிரும் கொண்டு, பூஞ்சையால் வரும் குலைநோயைத் தாங்கும் பயிர்களாக இருந்தார்கள். இரண்டு கிளைகளையும் மறுபடி சேர்த்து வைத்தவர் லக்ஷ்மணய்யா. மண்டியாவின் வி.சி. பண்ணை என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 'ராகி லக்ஷ்மணய்யா' என்றால்தான் கர்நாடக விவசாயிகளுக்குத் தெரியும். இந்திய ராகியோடு ஆப்பிரிக்க ராகியைக் கலந்து அவர் எடுத்த ரகங்களுக்கு இண்டாஃப் என்று பெயர். பெயரிலேயே இரண்டு கண்டங்களும் இருக்கின்றன.

கலந்தார் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். ராகிப் பூ கடுகைவிடச் சிறியது. அது விரிவதும் நள்ளிரவு கடந்து விடியலுக்குள். கையில் இடுக்கியும் டார்ச் விளக்குமாக விடியற்காலை மூன்று மணிக்கு வயலில் குந்தி நானும் உட்கார்ந்திருக்கிறேன். நூறு பூவில் கை வைத்தால் பத்து விதை தேறுவது அபூர்வம். வாய்த்தது கலப்புதானா, தாயின் சொந்த மகரந்தத்தில் பிறந்ததா என்பது செடி வளர்ந்த பிறகுதான் தெரியும். லக்ஷ்மணய்யாவின் காலத்தில் டி.என்.ஏ. சோதனை எல்லாம் கிடையாது. கண்தான் சோதனைச்சாலை.

1990-களில் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்து, கர்நாடகத்தில் மிகப் பரவலாகப் பயிரான ஜி.பி.யூ.-28 ரகத்தின் வம்சத்திலும் இண்டாஃப் உண்டு, ஆப்பிரிக்க ராகியும் உண்டு. குலைநோய்க்கு அது காட்டும் எதிர்ப்பு அந்த வழியில் வந்தது. யஷ்வந்த்பூர் மண்டிக்கு வரும் மூட்டைகளில் இத்தகைய கலப்பு ரகங்களே அதிகம் இருக்கும். அங்கிருந்து பொட்டலத்துக்குள் போகும்போது சிலது 'நாட்டு' ஆகிவிடுகிறது. 'ஆதி ராகி' என்று சீட்டு ஒட்டிய ஒரு பொட்டலத்தை நான் வாங்கி விதைத்துப் பார்த்தேன். பக்கத்துப் பாத்தியில் நின்ற 28-லிருந்து அதைப் பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை. கிராமங்களில் உண்மையான பழைய ரகங்கள் இருக்கின்றன, காப்பாற்ற வேண்டியவைதான். அவற்றில் மனிதக் கை படவில்லை என்பது காரணமல்ல. எண்ணற்ற கைகள் பட்டிருக்கின்றன என்பதே காரணம். மனிதக் கை படாத ராகி வேண்டுமென்றால் நீங்கள் அல்சூர் நடைபாதைக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் புல்லைக் களையென்று ஒதுக்கவும் எனக்கு மனம் வராது. காட்டு உறவினர்கள் பயிரைக் காப்பாற்றிய கதைகளில் நமக்கு மிக நெருக்கமானது கோயம்புத்தூரில் நடந்தது. இனிப்பான ஆனால் நோஞ்சானான வெள்ளைக் கரும்போடு, அங்கே தானாக வளரும் நாணலைக் கலந்து கரும்பு ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கடராமனும் எடுத்த கோ-205 ரகம் 1918-இல் வெளிவந்து வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. நெல்லுக்கும் இதுபோல நடந்தது. புல்குட்டை வைரஸுக்கு எதிர்ப்பு தேடி ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சலித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில்தான் அது கிடைத்தது.

ராகிக்குப் பாட்டி நேரடியாக அப்படி உதவ முடியாது. 18-ம் 36-ம் கலந்தால் பிறப்பது 27, அதற்கு விதை பிடிக்காது. ஆனால் ராகியின் மரபணுத் தொகுதியைப் படிக்கும்போது எந்தப் பாதி யாருடையது என்று பிரித்தறிய இந்தப் புல்தான் அளவுகோல். 2017-இல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகக் குழு எம்.எல்.-365 என்ற ரகத்தின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. நம் ஊரில் நடந்த வேலை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பாட்டியும் சும்மா இருக்கவில்லை. கிளைபோசேட் களைக்கொல்லியை அடித்துக்கொண்டே இருந்த மலேசியத் தோட்டங்களில், அந்த மருந்துக்குச் சாகாத எலுசின் இண்டிகா 1997-இல் கண்டறியப்பட்டது. அரிவாள் செய்ததை அங்கே மருந்து செய்தது. அரிவாளுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. மருந்துக்குச் சில ஆண்டுகள் போதுமாக இருந்தன.

தொட்டியில் வளர்த்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டாம். ஒரு தொட்டியில் அந்தப் புல், பக்கத்துத் தொட்டியில் ஒரு பிடி முழு ராகி. ஜூலை மழையில் விதையுங்கள். கதிர் முற்றியதும் கீழே வெள்ளைத் துணியை விரித்து இரண்டையும் ஒரே மாதிரி உலுக்குங்கள். புல்லின் மணிகளை எடுத்து ஈர விரலால் தேய்த்தால் மெல்லிய தோல் கழன்று, உள்ளே சுருக்கம் விழுந்த கருஞ்சிவப்பு விதை தெரியும். ராகி மணி உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பஞ்ச காலத்தில் இந்தப் புல் விதையையும் மனிதர்கள் சேர்த்துத் தின்றிருக்கிறார்கள். ஒரு படி சேர்ப்பதற்குள் இடுப்பு போய்விடும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். உலுக்கிப் பார்த்த பிறகு துணியைக் கவனமாக மடித்து எடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு உங்கள் மாடி முழுவதும் பாட்டிதான்.